கையேட்டில் ஒரு பிழை: தாம்பரத்தில் அன்றும் இன்றும்

டேப் ரெக்கார்டர் வாங்கினால் அட்டைப்பெட்டிக்குள் தெர்மாகோலுக்கும் ஒயருக்கும் இடையில் ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். சில சமயம் நான்காக மடித்த ஒற்றைக் காகிதமாக இருக்கும். 1980களின் தாம்பரத்தில் அதைப் படித்தவர்கள் குறைவு, பத்திரப்படுத்தாதவர்கள் அதைவிடக் குறைவு. வாரன்டி அட்டை, ரசீது, ரேஷன் கார்டு ஆகியவற்றோடு அது பீரோவுக்குள் போய்விடும். பெட்டி மக்கர் பண்ணும் நாளில்தான் வெளியே வரும். அச்சில் வந்தது பிழையாக இருக்காது என்று எல்லோரும் நம்பினார்கள். அதுவும் வெளிநாட்டுக் கம்பெனி அச்சிட்டது என்றால் கேட்கவே வேண்டாம்.

பாட்டுப் பெட்டி வாங்குவது அன்று ஒரு முழுநாள் வேலை. மின்சார ரயிலின் ஒரு முனையில் தாம்பரம், மறுமுனையில் பீச் ஸ்டேஷன். 1931ல் மின்சாரம் ஓடத் தொடங்கிய மீட்டர் கேஜ் பாதை அது. பீச்சில் இறங்கினால் பர்மா பஜார். பர்மாவிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிழைப்புக்காக 1969ல் உருவான கடைவரிசை. அங்கே ரசீது கிடையாது, வாரன்டி கிடையாது, கையேடு மட்டும் உண்டு. அதுவும் சில பெட்டிகளுக்கு முழுக்க ஜப்பானிய மொழியில் இருக்கும். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், நம்மூரில் 230. அந்த ஒரு எண்ணைக் கவனிக்காமல் ப்ளக்கைச் சொருகினால் பெட்டி அன்றைக்கே புகைந்துவிடும். கடைக்காரர்கள் அதை மட்டும் வாயால் சொல்லி, ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்புவார்கள்.

மற்ற விஷயங்களை யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டு டூ-இன்-ஒன்னின் பின்பக்கம் ஒரு தள்ளு சுவிட்ச் இருந்தது. அதன் இரு புறமும் 70, 120 என்று எண்கள் மட்டும் போட்டிருந்தார்கள். அந்த எண்களின் அலகு மைக்ரோசெகண்ட். டேப்பை ஒலிக்கவிடும்போது உச்ச ஸ்வரங்களை எந்த அளவுக்கு எடுத்துக் கொடுப்பது என்பதை அவை தீர்மானிக்கின்றன. சாதாரண டேப்புக்கு 120, குரோம் டேப்புக்கு 70 என்பது உலகம் முழுக்க ஒரே நியதி. எங்கள் கையேட்டில் இருந்த குட்டி அட்டவணையில் இரண்டும் இடம் மாறி அச்சாகியிருந்தன. அப்பா கையேட்டை நம்பி 70ல் வைத்தார். தாம்பரத்து ரெக்கார்டிங் கடைகளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து நாங்கள் பதிந்து வாங்கியதெல்லாம் சாதாரண டேப்தான். விளைவு, ஜால்ரா கேட்காது, வயலின் எழும்பாது, பாடுகிறவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு பாடுவதுபோல் இருக்கும்.

அப்பா முதலில் ஹெட்டைச் சந்தேகித்தார். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். பிறகு கேசட்டைச் சந்தேகித்தார். அதற்கும் பிறகு ரெக்கார்டிங் கடைக்காரரைச் சந்தேகித்து, அவரோடு பேச்சையே குறைத்துக்கொண்டார். கையேட்டை மட்டும் அவர் சந்தேகிக்கவே இல்லை. கடைசியில் பெட்டியைத் துணிப்பையில் போட்டு, மார்க்கெட் பக்கம் மாடிப்படிக்கு அடியில் கடை போட்டிருந்த மெக்கானிக்கிடம் எடுத்துப் போனோம். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவில்லை. ஒரு பாட்டைப் பாதிவரை கேட்டார். பெட்டிக்குப் பின்னால் கையை விட்டுச் சுவிட்சை மறுபக்கம் தள்ளினார். ஜால்ரா வந்துவிட்டது.

அப்பா கையேட்டை விரித்துக் காட்டினார். "இதுல இப்படித்தாங்க போட்டிருக்கு."

"காகிதத்தை நம்பாதீங்க சார். பொட்டி என்ன சொல்லுதோ அதான் சரி." அப்படிச் சொல்லிவிட்டு, காதில் செருகியிருந்த பால்பாயின்ட் பேனாவை எடுத்து இரண்டு எண்களையும் அடித்து, குறுக்காக ஒரு அம்புக்குறி போட்டார். கூலி எவ்வளவு என்று அப்பா கேட்டதற்கு, கையைக்கூட அழுக்காக்கலையே சார் என்று வாங்க மறுத்துவிட்டார்.

நான் பார்த்த முதல் கையேட்டுத் திருத்தம் அதுதான். அன்றைய திருத்த முறையின் சிறப்பும் குறையும் அந்தப் பேனாக் கோட்டிலேயே இருந்தன. அவர் முதலில் காதால் கேட்டார், பிறகுதான் காகிதத்தைப் பார்த்தார். பிழையால் அவதிப்பட்டவருக்கு முன்னால், பெட்டியை ஓடவிட்டே திருத்தம் நடந்தது. ஆனால் திருந்தியது ஒரே ஒரு பிரதி. அதே மாடல் வாங்கிய பல்லாவரத்துக்காரர் வீட்டில் அட்டவணை தப்பாகவே கிடந்திருக்கும். விழுப்புரத்தில் இன்னொரு மெக்கானிக் இன்னொரு பேனாவால் அதே அம்புக்குறியைப் போட்டிருப்பார். கம்பெனிக்கு யாரும் எழுதவில்லை. எழுத எண்ணினாலும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருந்த முகவரி கடல் கடந்தது. அடுத்த அச்சிலும் அந்த அட்டவணை அப்படியே வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இத்தனைக்கும் பிழைதிருத்தம் நமக்குப் புதிதல்ல. பழைய தமிழ்ப் புத்தகங்களின் பின்பக்கத்தில் பிழையும் திருத்தமும் என்று ஒரு அட்டவணை கட்டாயம் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்தி. அதைப் பார்த்து, படிக்கத் தொடங்கும் முன்பே புத்தகம் முழுக்கப் பென்சிலால் திருத்திவைத்துக்கொள்ளும் வாசகர்கள் இருந்தார்கள். ஏட்டுச்சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 1887ல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே. சாமிநாதையரையும், பிழையற்ற பதிப்புக்கு இலக்கணமாக விளங்கிய ஆறுமுக நாவலரையும் கொண்டாடும் மொழி இது. அந்தக் கவனத்தில் ஒரு துளிகூட வீட்டுச் சாமான்களின் கையேட்டுக்குக் கிடைக்கவில்லை. காப்பியத்துக்கு ஒரு எழுத்து முக்கியம் என்றால், சுவிட்சுக்கு ஒரு எண் முக்கியமில்லையா? கையேடு இலக்கியம் அல்லதான். ஆனால் அதை நம்பிக் கையை நீட்டுகிறவர் பெரும்பாலும் அதற்குமேல் வேறு யாரையும் கேட்க முடியாதவர். அதனால்தான் கையேடு திருத்தும் வேலையை நான் சின்ன வேலையாக நினைப்பதில்லை.

கேசட் போய் சிடி வந்தது, சிடி போய் எம்பி3 வந்தது. ரெக்கார்டிங் கடைகள் சிடி எழுதிக் கொடுக்கும் கடைகளாகி, பிறகு மெமரி கார்டில் பாட்டு ஏற்றும் கடைகளாகி, இப்போது செல்போன் உறை விற்கின்றன. மீட்டர் கேஜ் தண்டவாளம் 2004ல் ஓய்ந்து பாதை முழுவதும் அகல ரயிலானது. பாட்டுப் பெட்டி என்பது கணினிக்குள் ஒரு ஜன்னலாகிவிட்டது. 1997ல் வந்த வின்ஆம்ப் அன்றைய இன்டர்நெட் சென்டர் ஒவ்வொன்றிலும் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைய மென்பொருள்கள் பலவற்றில் எஃப்1 விசையைத் தட்டினால் உதவிப் பக்கம் வரும். ஆனால் அதுவும் காகிதம் மாதிரிதான், படிக்கலாம், தொட முடியாது. பேனாவால் அடிக்கவும் முடியாது என்பதால் காகிதத்தைவிட ஒரு படி மோசம் என்றே சொல்வேன்.

மாற்றம் வேறு திசையிலிருந்து வந்தது. அதில் தென்சென்னைப் புறநகருக்கும் ஒரு பங்கு உண்டு. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தை எல்லோருக்கும் தெரியும். 1949ல் சி. ராஜம் தொடங்கிய கல்லூரி, அப்துல் கலாமும் சுஜாதாவும் படித்த இடம். அங்குள்ள ஏ.யூ-கே.பி.சி. ஆய்வு மையமும் சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவும் சேர்ந்து 2005ல் திறந்த மூல மென்பொருளுக்கான தேசிய வள மையத்தை நடத்தத் தொடங்கின. 2007ல் சி-டாக் வெளியிட்ட பாஸ் லினக்ஸ் இயங்குதளம் இந்திய மொழிகளோடு வந்தது. ஐ.ஐ.டி.யில் இரண்டாம் சனிக்கிழமைகளில் சென்னை லினக்ஸ் குழுவினர் கூடிவந்தார்கள். தாம்பரம் ரயிலைப் பிடித்துக் கிண்டியில் இறங்கிப் போய்வந்த கல்லூரிப் பிள்ளைகள் பலர். 2003லேயே தமிழ் விக்கிப்பீடியா பிறந்திருந்தது. 2012 முதல் கணியம் இதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதத் தொடங்கியது. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான். படிக்கிறவர் திருத்தலாம்.

அது பிளேயர்களின் கையேடுகளுக்கும் வந்து சேர்ந்தது. லினக்ஸில் பாட்டுக் கேட்டவர்களுக்கு அமரோக் என்ற பிளேயர் நினைவிருக்கும். அதன் கையேடு கே.டி.ஈ. அமைப்பின் யூசர்பேஸ் விக்கியில் இருந்தது. பயனர்களே எழுதினார்கள், பயனர்களே திருத்தினார்கள். பாரிஸில் ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்களின் வேலையாக 1996ல் தொடங்கி 2001ல் கட்டற்ற மென்பொருளாக வெளிவந்த வி.எல்.சி., இன்று நம் தெருவில் ஏறத்தாழ எல்லாக் கணினியிலும் இருக்கிறது. அதன் பயனர் கையேட்டைப் புதிதாக எழுதும் வேலை 2019ல் கூகுளின் சீசன் ஆஃப் டாக்ஸ் திட்டத்தில் நடந்தது. மென்பொருள் நிரல் போலவே கையேட்டின் ஒவ்வொரு பக்கமும் ஒரு கோப்பு. பிழையைக் கண்டவர் அந்தக் கோப்பைத் திருத்தி அனுப்பலாம்.

முறை இதுதான். பிழையான வரியை மாற்றுகிறோம். ஏன் மாற்றினோம் என்று ஒரு வரி எழுதுகிறோம். புல் ரிக்வெஸ்ட் அல்லது மெர்ஜ் ரிக்வெஸ்ட் என்ற பெயரில் அது அந்த மென்பொருளின் பராமரிப்பாளரிடம் போகிறது. பழைய வரி சிவப்பிலும் புதிய வரி பச்சையிலும் அவருக்குத் தெரியும். அவர் கேள்வி கேட்பார், பதில் சொல்கிறோம். ஏற்றுக்கொண்டால் சில நிமிடங்களில், இணையத்தில் கையேட்டைத் திறக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அது திருந்திவிடுகிறது. மெக்கானிக்கின் பேனா செய்ய முடியாதது இதுதான். சேலையூரில் ஒரு மாடிவீட்டில் உட்கார்ந்து மாற்றிய எண், விழுப்புரத்திலும் வியட்நாமிலும் மாறுகிறது. இதை எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு மலைப்பு அடங்கவில்லை.

எந்தப் பிழைகள்? பெரும்பாலும் சின்னவை. குறுக்குவிசை மாறிப்போயிருக்கும். மெனுவின் பெயர் புதிய பதிப்பில் வேறாகியிருக்கும். படத்தில் தெரிகிற பொத்தான் இப்போது அந்த இடத்தில் இருக்காது. மென்பொருளில் பிழைகள் எழுதியவரின் கவனக்குறைவால் மட்டும் வருவதில்லை, நாளாவதாலும் வருகின்றன. வி.எல்.சி.யையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒலி அளவுப் பட்டை ஒரு காலத்தில் 200 சதவீதம் வரை போனது. பிறகு வந்த பதிப்புகளில் இயல்பாக 125தான் காட்டும். கூட்ட வேண்டுமானால் அமைப்புகளுக்குள் போய் மாற்ற வேண்டும். 200 என்று எழுதியவர் எழுதிய அன்று சரியாகத்தான் எழுதினார். காலம் அதைப் பிழையாக்கியது. இன்றும் பல பழைய குறிப்புகள் 200 என்றே சொல்கின்றன. அவற்றைப் படித்துவிட்டுப் பதில் சொல்லும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் அதையே திருப்பிச் சொல்லக்கூடும். அச்சுக் காலத்தில் பிழை பெட்டியோடு பிறந்தது. இப்போது பெட்டி வளர வளர அதுவும் கூடவே முளைக்கிறது. ஆகவே கையேட்டைத் திருத்துவது ஒருநாளும் முடிகிற வேலை இல்லை.

தமிழ்நாட்டில் உட்கார்ந்து படித்தால் மட்டும் கண்ணில் படுகிற பிழைகளும் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த வேலை அவற்றைத் திருத்துவதுதான். ஒரு பிளேயரின் கையேட்டில், எம்பி3 கோப்பின் பழைய வகை ஐடி3 குறிப்பில் பாட்டின் தலைப்பு 30 எழுத்து வரை இருக்கலாம் என்று போட்டிருந்தது. 1996ல் வந்த அந்த முதல் வடிவம் மிகச் சிக்கனமானது. கோப்பின் கடைசியில் மொத்தமே 128 பைட். அதில் தலைப்புக்கு 30, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30. ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்பதால் 30 பைட் என்றாலும் 30 எழுத்து என்றாலும் ஒன்றுதான். எழுதியவருக்கு வித்தியாசம் தெரிய வாய்ப்பே இல்லை.

தமிழில் அப்படி இல்லை. யூனிகோடில் தா என்பது த ஒன்று, கால் ஒன்று என இரண்டு குறிகள். ம் என்பது ம ஒன்று, புள்ளி ஒன்று. யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். தாம்பரம் என்று எழுதிப் பாருங்கள். கண்ணுக்கு 5 எழுத்து, கணினிக்கு 8 குறி, 24 பைட். அந்த 30க்குள் அடங்கிவிடும். அதே ரயிலில் இன்னும் கொஞ்ச தூரம் போய்ச் செங்கல்பட்டு என்று எழுதினால் கண்ணுக்கு 7 எழுத்துதான், ஆனால் 12 குறி, 36 பைட். பத்தாவது குறியோடு வெட்டுப்பட்டு, செங்கல்பட் என்று நிற்கும். முப்பது எழுத்துக்கு இடமுண்டு என்று கையேடு சொல்கிறது, ஏழெழுத்து ஊர்ப்பெயர் உள்ளே போகவில்லை. பாட்டுத் தலைப்புகளைத் தமிழில் மாற்றி எழுதிவைத்த எத்தனையோ பேர், தலைப்பு பாதியில் அறுந்ததைப் பார்த்துத் தங்கள் கணினிக்குத் தமிழ் வராது என்று முடிவுகட்டி ஆங்கில எழுத்துக்கே திரும்பியிருப்பார்கள்.

எழுத்து என்பதைப் பைட் என்று மாற்றி, தமிழுக்கு இதனால் 10 குறிதான் கிடைக்கும் என்று ஒரு வரி சேர்த்தேன். நீண்ட தலைப்புக்கு 1998ல் வந்த இரண்டாம் வடிவத்தைப் பயன்படுத்தச் சொல்லி இன்னொரு வரி. பராமரிப்பாளர் கேட்டார், இது தமிழுக்கு மட்டுமா? இல்லை, தேவநாகரிக்கும் மலையாளத்துக்கும் சிங்களத்துக்கும் தாய்லாந்து எழுத்துக்கும் இதே கணக்குதான் என்றேன். எல்லாவற்றையும் சேர்த்து வாக்கியத்தை அவரே அழகாக மாற்றி எழுதிவிட்டார். ஒரு எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு பெயர்ச்சொல்தான் மாறியது. ஆனால் அந்தப் பக்கத்தில் கோடிக்கணக்கானவர்களுக்கு அது வரை இடம் இல்லை.

இப்போதைய நிலையில் எனக்குக் கவலை தருவதும் ஒன்று உண்டு. 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு நடந்தபோது, சில திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் கிடைக்கும் என்று, உலகமெங்கும் திறந்த மூலத் திட்டங்களின் கையேடுகளில் தேவையற்ற மாற்றங்கள் வந்து குவிந்தன. நல்ல வாக்கியத்தில் ஒரு அடைமொழி, தலைப்பில் ஒரு ஆச்சரியக்குறி, அவ்வளவுதான். கூலியில்லாமல் வேலை பார்க்கும் பராமரிப்பாளர்கள் இரவெல்லாம் அவற்றை மூடிக்கொண்டிருந்தார்கள். கடைசியில் விதியையே மாற்றி, விரும்பிச் சேர்ந்த திட்டங்களில் மட்டும் என்று ஆக்க வேண்டி வந்தது. அதில் நம் நாட்டு மாணவர்களின் பங்கு பெரிது என்பதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். மேடவாக்கத்திலிருந்து ஓ.எம்.ஆர். வரை பொறியியல் கல்லூரிகள் நிறைந்த பகுதி இது. வேலைக்கான பயோடேட்டாவில் காட்ட ஒரு வரி கிடைத்தால் போதும் என்று வருகிற பிள்ளைகளை எனக்கும் தெரியும்.

எங்கள் அடுக்ககத்துப் பையன் ஒருவன், ஒரு மென்பொருளின் கையேட்டுப் பக்கத்தைத் திறந்து வைத்த லேப்டாப்போடு வந்தான். "ஆன்ட்டி, ஒரு கமா மாத்தினாக்கூட கான்ட்ரிப்யூஷன்ல வந்துடும்ல?"

"வரும்பா. அந்தப் பக்கத்துல சொல்ற பட்டனை நீ அமுக்கிப் பார்த்தியா?"

அவன் பார்த்திருக்கவில்லை. அந்த மென்பொருளை நிறுவியிருக்கவே இல்லை. நிறுவச் சொன்னேன். அந்தப் பக்கத்தில் சொன்னபடி ஒவ்வொரு படியாகச் செய்துகொண்டே போனான். நான்காவது படியில் கையேடு சொன்ன மெனு அங்கே இல்லை. அவன் முகத்தில் வந்த எரிச்சலைப் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, ஏனென்றால் அந்த எரிச்சல்தான் இந்த வேலைக்கு மூலதனம். கமாவை விட்டுவிட்டு மெனுவைத் திருத்தி அனுப்பினான். பெட்டியை ஓடவிட்டுக் கேட்காமல் அன்றைய மெக்கானிக் எதையும் அடித்துத் திருத்தியதில்லை. இன்று திருத்தும் வசதி எல்லோருக்கும் இருக்கிறது, அந்தப் பழக்கத்தைத்தான் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

இன்னொரு பக்கம், கையேட்டைப் படிக்கிறவர்களே குறைந்துவிட்டார்கள். என்ன சந்தேகம் வந்தாலும் யூடியூப்தான். தமிழில் அழகாக, பொறுமையாகச் சொல்லித்தருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆங்கிலக் கையேட்டின் முன்னால் திகைத்து நிற்கும் ஒருவருக்கு அந்த வீடியோதான் துணை. ஆனால் வீடியோவில் தப்பாகச் சொன்ன ஒரு எண்ணைப் பார்க்கிறவர் யாரும் தொட்டுத் திருத்த முடியாது. செய்தவரே மறுபடி எடுத்தால்தான் உண்டு. வாய்வழி அறிவு மீண்டும் வந்திருக்கிறது, எதிரில் உட்கார்ந்து கேட்டுத் திருத்தும் ஆள் இல்லாமல். பிளேயர்களின் மெனுக்கள் தமிழில் வந்துவிட்டன. வி.எல்.சி.யைத் தமிழிலேயே ஓட்டலாம். முழுக் கையேடு மட்டும் பெரும்பாலான பிளேயர்களுக்குத் தமிழில் இல்லை. வீடியோ எடுக்கிற பிள்ளைகளில் நாலு பேர் அந்தப் பக்கம் வந்தால் நிலைமை மாறும்.

எல்லாம் இணையத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கைக்கும் ஒரு அடி விழுந்தது. 2022ன் தொடக்கத்திலிருந்து பல மாதங்கள் வி.எல்.சி.யின் அதிகாரப்பூர்வத் தளம் இந்தியாவில் பல இணைய இணைப்புகளில் திறக்கவில்லை. காரணமும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. வி.எல்.சி. தரப்பு சட்ட நோட்டீஸ் அனுப்பிய பிறகு அந்த நவம்பரில்தான் தடை நீங்கியது. மென்பொருள் கணினியில் இருந்தது, அதை உருவாக்கியவர்களின் வாசல் மூடியிருந்தது. பீரோவில் கிடந்த காகிதத்துக்கு அந்த ஆபத்து இருந்ததில்லை. அதனால் கையேட்டின் ஒரு பிரதியைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளும்படி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காகிதத்துக்கும் பெட்டிக்கும் முரண் வந்தால் எது சரி என்ற கேள்விக்கு அன்று ஒரே பதில்தான். பெட்டிதான் சரி. தொழிற்சாலையிலிருந்து வந்த சர்க்யூட்டை யாரும் மாற்றப்போவதில்லை, அதனால் காகிதம்தான் வளைய வேண்டும். இன்று அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு பிளேயரின் கையேட்டில் பாட்டுகளை அகரவரிசையில் அடுக்கும் வசதி உண்டு என்று இருந்தது. தமிழ்த் தலைப்புகளைப் போட்டுப் பார்த்தேன். அடுக்கு கலைந்து வந்தது. காரணம் யூனிகோடின் எண்வரிசை. அதில் ந வந்ததும் ன வந்துவிடும், ர வந்ததும் ற வந்துவிடும், ல, ள, ழ, வ என்று ஓடும். நம் நெடுங்கணக்கோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடியும். அந்த பிளேயர் எழுத்துகளின் எண்ணை மட்டும் பார்த்து அடுக்குகிறது.

கையேட்டில் அகரவரிசை என்பதை யூனிகோடு வரிசை என்று மாற்றினால் கையேடு உண்மையாகிவிடும். ஆனால் எந்தத் தமிழருக்கும் அந்த வரிசையால் பயனில்லை. கையேட்டை மாற்றுவதா, நிரலை மாற்றுவதா என்று பராமரிப்பாளரிடமே கேட்டேன். கையேட்டைத் தொடாதீர்கள், அது நாங்கள் கொடுத்த வாக்கு, நிரல்தான் தவறுகிறது, என்றார். மொழிவாரியாக அடுக்கத் தெரிந்த ஐ.சி.யூ. என்ற நிரல் நூலகம் ஏற்கெனவே இருக்கிறது, அதைச் சேர்த்துப் பார்ப்போம், சோதிக்கச் சில சொற்கள் கொடுங்கள் என்றும் கேட்டார்.

சோதனைச் சொற்களை எங்கே போய்த் தேடுவது? ப எழுத்தில் தொடங்கும் ஊர்கள் நம்மைச் சுற்றியே வரிசையாக இருக்கின்றன. பம்மல், பரங்கிமலை, பல்லாவரம், பழவந்தாங்கல், பள்ளிக்கரணை, பனையூர். தமிழ் அகராதியில் இந்த ஆறும் இதே வரிசையில்தான் வரும். அந்த பிளேயரில் கடைசியில் வர வேண்டிய பனையூர் பம்மலுக்கும் முன்னால் போய் நின்றது. பள்ளிக்கரணை பழவந்தாங்கலைத் தாண்டி முன்னே வந்தது. ஆறு பெயர்களையும் சரியான வரிசையில் எழுதி, ஒவ்வொன்றிலும் எந்த எழுத்தைப் பார்க்க வேண்டும் என்ற குறிப்போடு அனுப்பினேன். அவை அந்தத் திட்டத்தின் சோதனைக் கோப்பில் ஏறிவிட்டன. நிரலில் யார் எதை மாற்றினாலும் அந்தச் சோதனை ஒரு முறை தானாக ஓடும். இதுவரை அது தோல்வி என்றுதான் காட்டுகிறது. நூலகத்தைச் சேர்த்தால் மென்பொருளின் அளவு எவ்வளவு கூடும் என்று இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்கள். நெடுங்கணக்கின் வரிசையை மட்டும் உள்ளே எழுதினால் போதாதா என்று கேட்டிருக்கிறேன்.